கருத்தரங்கா, ஊர் வரலாறா? கையில் ஒரே ஒரு சனிக்கிழமை

2025 ஜூன் 14, காலை. வாடிப்பட்டி வாசகர் கேட்டது:

வாடிப்பட்டியில் மாவு, மசாலாப் பொடி அரைத்து விற்கும் சிறு தொழில் நடத்துகிறேன். மதுரையில் ஒரு மாநாட்டு மையத்தில் அடுத்த மாதம் தொழில் தலைமைப் பண்பு பற்றி ஒருநாள் கருத்தரங்கு. கட்டணம் கையைக் கடிக்கிறது. அதே நாள், அதே கட்டடத்தின் சிறிய அரங்கில் மதுரையின் பழைய வரலாறு பற்றி இலவசச் சொற்பொழிவு. எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. கல்வெட்டும் கோயிலும் ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு, தொழில் செய்கிறவனுக்குக் கருத்தரங்குதான் பயன் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

ஜூன் 14, இரவு

மறுக்கிறேன். விளக்குத்தூண் பக்கம் மாமனார் காலத்திலிருந்து சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. அவருக்குப் பின் கல்லாப் பெட்டியில் நான் உட்காருகிறேன். நீங்கள் சொல்லும் இரண்டு வகைக் கூட்டங்களுக்கும் போய்க்கொண்டிருப்பவள்.

ஒரு மாலைச் சொற்பொழிவில் கிடாரிப்பட்டிக் கல்வெட்டுகளைத் திரையில் காட்டினார்கள். அழகர்கோவிலிலிருந்து மேலூர் போகும் சாலையில் இருக்கிறது கிடாரிப்பட்டி. அங்கே அழகர்மலையில் பெரிய குகைத்தளம். ஊரார் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். சமணத் துறவிகள் தங்குவதற்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள். மழைநீர் உள்ளே வழியாதபடி மேல்பாறையில் காடி வெட்டி, கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். உப்பு வணிகன் வியகன். பாணித வணிகன் நெடுமலன், அதாவது வெல்லப்பாகு வியாபாரி. கொழு வணிகன் எளசந்தன், ஏர்க்கொழு விற்றவர். மதுரைப் பொன்கொல்லன் ஆதன் ஆதன். அறுவை வணிகன் ஒருவரும் உண்டு, துணிக்காரர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு என் தொழிலைச் செய்தவரின் பெயர் பாறையில் நிற்கிறது.

பேசியவர் "சமணத்துக்கு மதுரை மக்கள் தந்த ஆதரவு இது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். நான் கை தூக்கினேன். உப்புக்காரர், வெல்லக்காரர், கொழுக்காரர், துணிக்காரர், பொற்கொல்லர் என்று வெவ்வேறு சரக்கு விற்ற ஐந்து தொழில்காரர்கள் ஒரே குகைக்கு ஏன் சேர்ந்து செலவழித்தார்கள்? முன்னின்று வசூலித்தது யார்? கல்தச்சனுக்குக் கூலி யார் கையால் போனது? கேட்டதும் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன்பின் நடந்த அரைமணிப் பேச்சு எந்தக் கருத்தரங்கிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பேசியவரும் மகிழ்ச்சியாகக் கலந்துகொண்டார்.

ஆகவே ஐயா, சிறிய அரங்குக்குப் போங்கள். முன் வரிசையில் உட்கார்ந்து வியாபாரக் கேள்வி கேளுங்கள்.

ஜூன் 15

"குகைக்குக் கொடுத்தது தர்மம், அதில் தொழில் எங்கே வந்தது" என்று கே.கே. நகர் நண்பர் எழுதியிருக்கிறார்.

மாங்குளம் போய்ப் பாருங்கள். 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்த கல்வெட்டுகள் அங்குள்ள மீனாட்சிபுரம் மலையில் இருக்கின்றன. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் வருவதால் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். அதே மலையில் வெள்ளறை நிகமத்தார் கொடுத்த கொடையும் இருக்கிறது. நிகமம் என்பது வணிகர் குழு. தனித்தனி ஆட்களாகக் கொடுத்தது அழகர்மலை. சங்கமாகக் கொடுத்தது மாங்குளம். சங்கத்தின் பெயரில் பணம் கொடுக்க வேண்டுமானால் பொதுப் பணம் இருந்திருக்க வேண்டும், அதற்குக் கணக்கு இருந்திருக்க வேண்டும், அந்தக் கணக்கை எல்லோரும் நம்பியிருக்க வேண்டும். மூன்றும் தொழில்தான்.

தென்மாவட்டங்களில் இதற்கு மகமை என்று ஒரு வழக்கம் வெகுகாலம் நடந்தது. மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வரி. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை மகமைப் பணத்திலும் பிடி அரிசியிலும் வளர்ந்த பள்ளி. வீட்டுக்கு வீடு சமைக்கும்முன் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். மதுரைக் கடைகளிலும் என் மாமனார் தலைமுறை வரை பேரேட்டில் மகமைக்கு ஒரு பக்கம் தனியாக ஒதுக்கிவைத்திருந்தார்கள். அவர் வைத்திருந்த பேரேடு எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. லாபம் எழுதுவதற்கு முன்பே மகமை எழுதப்பட்டிருக்கும்.

ஜூன் 17

கருத்தரங்கு எப்படி இருக்கும் என்று வாடிப்பட்டிக்காரர் கேட்கிறார். பார்த்ததைச் சொல்கிறேன்.

வாசலில் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை, ஒரு பை, ஒரு குறிப்பேடு, பேனா. குளிர்சாதனம் எலும்புவரை குளிரும். பேச்சாளர் பெருநகரத்திலிருந்து விமானத்தில் வருவார். முதல் ஒருமணி நேரம் "உங்கள் கனவு என்ன" என்று கேட்பார். அடுத்து மேசைக்கு எட்டுப் பேராகப் பிரித்துக் காகிதத்தில் கோபுரம் கட்டச் சொல்வார். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். மாலையில் சான்றிதழ்.

நான் போனபோது பெண்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டார்கள். என் மேசையில் இருந்தவர் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடைக்காரர், இன்னொருவர் அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருப்பவர், மற்றவர்கள் சம்பளத்தில் இருக்கும் மேலாளர்கள். மேலாளர்கள் நிறையக் குறித்துக்கொண்டார்கள். பட்டறைக்காரர் என்னிடம், "அம்மா, தொழிலாளி தீபாவளி முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போனால் என்ன செய்வது என்று எப்போது சொல்வார்?" என்று கேட்டார். கடைசி வரை சொல்லவில்லை.

பிற்பகலில் பேச்சாளர் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிச் சொன்னார். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இல் அதைப் பாடமாக வெளியிட்டது என்பதைத் திரையில் காட்டினார். மதுரைக்காரர்கள் நிறைந்த அரங்கில், அண்ணா நகரில் இருக்கும் மருத்துவமனையை அமெரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து அறிமுகம் செய்தார். என் மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் அங்கேதான் அறுவை சிகிச்சை. அரங்கில் இருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் இதே கதை இருக்கும்.

ஆனாலும் அந்த ஒருமணி நேரம் எனக்குப் பிடித்தது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியவர். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன கைகளோடு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தவர். பணம் கொடுக்கக்கூடியவர்களிடம் வாங்கி, கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்வது அவர் வைத்த முறை. அறுவை அரங்கில் இரண்டு மேசைகள். ஒன்றில் மருத்துவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மருத்துவர் செய்யவேண்டியதில்லாத வேலை அத்தனையையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வாங்கக் கட்டுபடியாகவில்லை என்றதும் 1992இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள்.

இரண்டாவது மேசையைக் கேட்டதும் எனக்கு எங்கள் கடை நினைவுக்கு வந்தது. வெளியூர் வியாபாரி வந்து உட்கார்ந்த பிறகுதான் கட்டுப் பிரிக்க ஆள் தேடுவோம். அடுத்த வாரமே, வியாபாரி போன் செய்ததும் கட்டுகளைப் பிரித்து அடுக்கிவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். கருத்தரங்குக் கட்டணம் அதிலேயே திரும்பிவிட்டது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த மருத்துவமனையில் பல ஆண்டுகள் வேலைபார்த்த செவிலியர் ஒருவரை அழைத்து மேடையில் உட்காரவைத்திருந்தால் பேச்சாளருக்கும் புதிதாகத் தெரிந்திருக்கும், எங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆட்டோவில் பத்து நிமிட தூரம்.

ஜூன் 18

கருத்தரங்கில் வேறு ஒன்றும் உருப்படியாக இல்லையா என்று திருநகர் தம்பி கேட்கிறார். இருந்தது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு ஒரு பட்டயக் கணக்காளர் பேசினார். திரையில் படம் இல்லை, காகிதக் கோபுரம் இல்லை. ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும்தான்.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ வேலையோ வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டி. இது பழைய சட்டம், யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். அதன்பிறகுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

கடைக்காரர்கள் இதைக் கவனியுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உற்பத்தி செய்பவருக்கும் சேவை செய்பவருக்கும்தான். எங்களுக்குச் சாயம் போட்டுத் தரும் பட்டறைக்கு உண்டு; அவரிடம் வாங்கும் எனக்குக் கடமை உண்டு; என்னிடம் வாங்கிவிட்டு ஆடி போய் ஆவணி வந்தும் பணம் தராத வெளியூர்க் கடைக்காரர்மேல் எனக்கு இந்தச் சட்டத்தில் பிடி இல்லை. வாடிப்பட்டி ஐயா மசாலா அரைப்பவர், உற்பத்தியாளர். சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

ஜூன் 21

ஊர் வரலாற்றுச் சொற்பொழிவுகளை நான் தூக்கிப் பிடிக்கிறேன் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் குறைகளும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பெரும்பாலும் அரசர் பட்டியலாகவே போய்விடுகிறது. யாருக்குப் பின் யார், எந்தக் கோபுரம் எந்த ஆண்டு. திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது என்பார்கள். அந்தத் தூண்களின் சுதை வேலையை எத்தனை பேர் செய்தார்கள், முட்டை வெள்ளைக்கருவும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் நேரமில்லை என்பார்கள். "உலகிலேயே முதல்" என்று தொடங்கும் பேச்சுகளும் உண்டு. அவற்றுக்குக் கைதட்டல் அதிகம், விவரம் குறைவு. கீழடி வந்தபின் இது கூடிவிட்டது. 2015இல் தொடங்கிய அகழாய்வில் வந்த செங்கல் கட்டுமானங்களும், பெயர் கீறிய பானை ஓடுகளும், தக்களிகளும் தாமே பேசக்கூடியவை. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் தக்களிகளைப் பார்த்தபோது நூல் வியாபாரத்தில் இருப்பவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்று, மாநாட்டு மையங்கள் இந்தச் சொற்பொழிவுகளை நடத்தும் விதம். ஒரு மாலை, பெரியவர் ஒருவர் வைகையின் பழைய கால்வாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு உச்சத்தில் இருந்தபோது, அந்த அரங்கில் இரவு விருந்து இருக்கிறது என்று பின்வரிசையிலிருந்து நாற்காலிகளை எடுக்கத் தொடங்கினார்கள். அன்று காலை முழுவதும் மேல்தளத்தில் தலைமைப் பண்புக் கருத்தரங்கு நடந்தது, விருந்தும் அவர்களுடையதுதான். பெரியவர் நின்றபடியே மீதியைச் சொல்லி முடித்தார். நாங்களும் நின்றுகொண்டே கேட்டோம். மனம் மிகவும் வேதனைப்பட்டது. கட்டணம் கொடுத்தவருக்கு ஒரு மரியாதை, கொடுக்காதவருக்கு ஒரு மரியாதை என்று நடந்துகொண்டால் அங்கே தலைமைப் பண்பைப் பற்றி எதைக் கற்பிக்கிறார்கள்?

ஜூன் 22

இந்தச் சொற்பொழிவுகளை எங்கே நடத்தலாம் என்ற கேள்விக்குச் சுருக்கமாக. இடத்துக்குப் பஞ்சமில்லை. தமுக்கத்தில் 2022இல் திறந்த பெரிய மாநாட்டு மையம் இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகம். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய தமிழ்ச் சங்கம். வியாபாரிகள் பக்கம் பார்த்தால் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் 1924 முதல் இந்த ஊரில் இருக்கிறது. ஒரு வகைக் கூட்டத்துக்கு வருபவர்கள் மற்ற வகைக் கூட்டத்துக்கு வருவதில்லை என்பதுதான் குறை.

ஜூலை 2

"வரலாற்றில் தலைமைப் பண்பு என்றால் மறுபடியும் அரசர் கதைதானே" என்று கே.கே. நகர் நண்பர் சீண்டுகிறார். அரசர் இல்லாத கதை ஒன்று சொல்கிறேன். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி நிற்கிறது.

மதுரையைச் சுற்றி நாயக்கர் காலக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 72 கொத்தளங்கள். 19ஆம் நூற்றாண்டில் அதற்குள் ஊர் மூச்சுத் திணறியது. அகழியில் தேங்கிய தண்ணீரில் நோய். கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்க முடிவு செய்தார். அரசுச் செலவில் இடிப்பது பெரிய வேலை. அவர் செய்தது இதுதான்: யார் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறார்களோ அந்த இடம் அவர்களுக்கே என்று அறிவித்தார். ஊரே திரண்டு இடித்தது. அளந்து கொடுத்தவர் மாரட். வேலையை மேற்பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. வெளிவீதிகள் உருவாயின. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இருவர் பெயரும் இன்றும் கடைப் பலகைகளில் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக ஊரார் நிறுத்தியதுதான் விளக்குத்தூண். பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே கோட்டையின் மேற்கு வாசல் மிச்சமும் இருக்கிறது.

கலெக்டர் பெயரில் வீதி இல்லை, மேஸ்திரி பெயரில் இருக்கிறது. வேலையை முடித்தவர் பெயரை ஊர் வைத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மகாலைப் பார்க்க வரும் பயணிகள் விளக்குத்தூணைக் கடந்துதான் போகிறார்கள். நின்று பார்ப்பவர் யாரும் இல்லை. தள்ளுவண்டிகள் அதைச் சுற்றி நிற்கின்றன.

ஜூலை 3

சின்னதாக ஒரு சேர்க்கை. "கோட்டையை இடித்ததைப் பாராட்டுவதா, அது மரபுச் சின்னம் ஆயிற்றே" என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி தம்பி. இரவு முழுவதும் அதையே யோசித்தேன். இன்று அந்தச் சுவர் இருந்தால் நான் முதல் ஆளாகக் காப்பாற்றச் சொல்வேன். அன்று உள்ளே வாழ்ந்திருந்தால் கடப்பாறையோடு போயிருப்பேன். இரண்டும் உண்மையான பதில்கள்.

இதே சிக்கல் நம் காலத்திலும் வந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபம், திருமலை நாயக்கர் கட்டியது, தலைமுறை தலைமுறையாக அதற்குள் கடைகள். தையற்காரர்கள், புத்தகக் கடைகள், பாத்திரக் கடைகள், வளையல் கடைகள். சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேடம் போடுபவர்களின் உடைகளை அங்கேதான் தைத்து வாங்குவார்கள். மண்டபத்தைக் காக்க வேண்டும் என்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். அதைப் பற்றிய ஒரு சொற்பொழிவில் முன்பு அங்கே கடை வைத்திருந்த தையற்காரர் ஒருவர் எழுந்தார். ஒலிவாங்கியைக் கையில் வாங்கவே கூச்சப்பட்டார். சித்திரை வெயிலிலும் அந்தக் கல்தூணில் முதுகைச் சாய்த்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்றார். எந்தத் தூணில் எந்தச் சிற்பம், அதன் எந்த விரல் எப்போது உடைந்தது என்று வரிசையாகச் சொன்னார். தன் அப்பா காலத்தில் தையல் இயந்திரத்தின் எண்ணெய் தூணில் படாமல் இருக்கச் சாக்கு கட்டுவார்கள் என்றார். மேடையில் இருந்தவர் எழுதிக்கொண்டார்.

தூணும் பிழைக்க வேண்டும், தையற்காரரும் பிழைக்க வேண்டும். சிறிய அரங்கில் அவர் பேசினார், நல்லது. மேல்தளத்துக் கருத்தரங்கில் இருநூறு முதலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். இடம் பெயரும் கடை வாடிக்கையாளரை எப்படித் தக்கவைத்துக்கொள்வது என்பதை அவரோடு சேர்ந்து யோசித்திருந்தால் அவர்களுக்கும் தொழில் பாடம், அவருக்கும் வழி.

ஜூலை 19

ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டது. மூச்சுவிட நேரமில்லை. கேள்விகள் எல்லாம் பார்த்தேன், பிறகு எழுதுகிறேன். வாடிப்பட்டி ஐயா எதற்குப் போனார் என்று சொல்லவில்லையே?

ஆகஸ்ட் 5

ஐயா இரண்டுக்கும் பாதிப் பாதி போனாராம்! காலையில் பெரிய அரங்கு, சாப்பாட்டுக்குப் பின் சிறிய அரங்கு. வியாபாரி மூளை என்றால் இதுதான். சிறிய அரங்கில் கேட்டவர்கள் முப்பது பேர்கூட இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறார். அன்று டி.வி.எஸ். கதை பேசியிருக்கிறார்கள்; 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கியது, போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கருவியைச் செய்து வண்டிகளை ஓட்டியது. டி.வி.எஸ். பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வோம் என்று என் மாமனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேல்தளத்தில் அதே நேரத்தில் நெருக்கடி மேலாண்மை வகுப்பு நடந்ததாம். படிக்கட்டில் இறங்கி வந்திருந்தால் போதும்.

சுங்குடி பற்றி நான் பேசியதை எழுதச் சொல்லியிருந்தார்கள். சென்ற மாதம் ஒரு மாலையில் அழைத்தார்கள். படம் எதுவும் காட்டவில்லை. முடிச்சு அவிழ்க்காத சேலை ஒன்றைக் கொண்டுபோனேன். சாயம் ஏறிக் காய்ந்த துணி அது. ஆயிரக்கணக்கான முடிச்சுகளால் சுருங்கி, விரிப்பதற்கே வராமல் முறுக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முடிச்சும் மிளகைவிடச் சிறியது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நகத்தால் துணியைக் கிள்ளி, நூலை இழுத்துச் சுற்றி, அறுத்து, அடுத்ததுக்குப் போவார்கள். வெள்ளைப் புள்ளி என்று நீங்கள் பார்ப்பது நூல் சாயத்தைத் தடுத்த இடம். அதன் நடுவில் ஊசிமுனை அளவு நிறம் இருக்கும். அச்சடித்த துணியில் அது வராது.

முன் வரிசையில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்களை அழைத்து ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழ்ந்தன. நூல் துண்டுகள் மேடையெல்லாம் உதிர்ந்தன. அரங்கில் ஒரு சத்தம் எழுந்தது, எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு கணக்கைச் சொன்னேன். சௌராஷ்டிர மக்கள் நாயக்கர் காலத்தில் கொண்டுவந்து மகாலைச் சுற்றி வளர்த்த தொழில் இது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மல்லிக்கு 2013இல்தான் கிடைத்தது. குறியீடு இருக்கிறது, முடிச்சுப் போடும் கை குறைந்துகொண்டே போகிறது. காரணம் கூலி. முடிச்சு போட்ட சேலைக்கும் அச்சடித்த சேலைக்கும் வேறுபாடு தெரியாமல் வாடிக்கையாளர் விலை கேட்கும்போது, முடிச்சுக்காரப் பெண்ணுக்கு நியாயமான கூலி கொடுத்த வியாபாரி தோற்றுப்போகிறார். ஆகவே நாங்கள் முடிச்சோடு விற்கிறோம். வீட்டுக்குப் போய் நீங்களே அவிழ்த்துக்கொள்ளுங்கள். அவிழ்த்தவர் மறுமுறை அச்சுச் சேலை கேட்பதில்லை.

சரக்கின் பெயரைச் சந்தையில் நிலைநிறுத்துவது பற்றி மேல்தளத்தில் இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறார்கள். நடத்தட்டும். அதில் அரைமணி நேரம் ஒரு முடிச்சுக்கார அம்மாவுக்குக் கொடுங்கள், உரிய பேச்சாளர் கட்டணத்தோடு. பொன்னாடை போர்த்தி அனுப்பினால் போதாது.

ஆகஸ்ட் 24

ஆவணி மூலம் வருகிறது. மாணவத் தம்பி, "அக்கா, மதுரையில் கடவுளும் வியாபாரிதானோ" என்று கேட்டிருக்கிறார். திருவிழா வரிசையைப் பாருங்கள் தம்பி: மாணிக்கம் விற்றார், வளையல் விற்றார், பிட்டுக்காக மண் சுமந்தார், விறகு விற்றார். நம் ஊருக்கு வந்த சொக்கநாதர் அலுவலக வேலைக்கு ஒரு முறைகூட விண்ணப்பிக்கவில்லை.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். வந்தி கதையைக் கருத்தரங்குக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன். வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் கரையை அடைக்க வேண்டும் என்று அரச ஆணை. ஆளில்லாத கிழவி வந்திக்குக் கூலியாளாக வந்தவர் உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் உட்பட எல்லோர் முதுகிலும் விழுந்தது. ஆண்டுதோறும் புட்டுத்தோப்பில் இதை நடத்திக் காட்டுகிறோம். எங்கள் கடையில் ஒரு பையனை நான் கடிந்து பேசிய நாளில், மற்ற மூன்று பேரும் மாலைவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அந்தக் கதை அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆகஸ்ட் 25

அடுத்த மாலைச் சொற்பொழிவு ஹார்வி மில் பற்றி. ஆலைத் தொழிலாளர் குடியிருப்பாக எழுந்த ஹார்விப்பட்டியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ மில்லில் வேலை பார்த்திருந்தால் பழைய சம்பளச் சீட்டு, அடையாள வில்லை, படம் என எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். இந்த முறை பெரிய அரங்கைக் கேட்டிருக்கிறோம். விருந்து எதுவும் அன்றைக்கு இல்லை என்பதை எழுத்தில் வாங்கிவிட்டேன்.